கார் குடித்த நல்ல தண்ணீர்

மாமனார் வீட்டில் ஒரு மருமகன் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி சும்மா இருப்பது. இலையில் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு, பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கினால் போதும், அந்தக் குடும்பம் தழைத்துவிடும். இதைத் தாலி கட்டும்போதே யாராவது காதில் சொல்லியிருக்கலாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. (சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.)

எண்பதுகளின் தொடக்கம். நான் மதுரையில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. மனைவி கோமதிக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில். மாமா அங்கே மிளகாய் வத்தல் மண்டி வைத்திருந்தார். வீட்டுக்குள் நுழைந்தாலே தும்மல் வரும், ஆனால் மாமா தங்கமான மனிதர். அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவளை எனக்குக் கொடுத்து ஏமாந்தார். இளையவள் செல்விக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார்.

செல்விக்கு எதுவும் சட்டென்று அமையவில்லை. ஒரு ஜாதகத்தில் செவ்வாய் இடித்தது, இன்னொன்றில் மாப்பிள்ளையின் அக்கா இடித்தாள். ஒவ்வொரு தடவையும் பட்டுப்புடவையைக் கட்டி, பலகாரம் செய்து, கடைசியில் அந்தக் கேசரியை நாங்களே தின்று தீர்ப்போம். அவள் சிரித்துக்கொண்டேதான் பரிமாறுவாள். ஆனால் வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு வரன் வந்தபோது அவள் அந்தப் போட்டோவை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தர மறந்துவிட்டாள். அத்தை கேட்டதற்கு, எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை என்றாள். அப்போதே எங்களுக்கெல்லாம் புரிந்துவிட்டது. இந்த இடம் முடிய வேண்டும் என்று வீட்டில் ஆளாளுக்குச் சாமியை வேண்டிக்கொண்டிருந்தார்கள்.

பெண் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் காலில் அடிபட்டுக் கட்டுப் போட்டிருந்தது, அவரால் பஸ் ஏற முடியாது. மாமாவிடம் ஒரு பழைய அம்பாசிடர் இருந்தது. டிரைவர் ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டான். முதல்நாள் சாயங்காலம் மாமா தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்.

"மாப்ளே, நாளைக்குக் காலையில நீங்களே வண்டியை எடுத்துட்டுப் போயி அவியளைக் கூட்டியாந்திருதியளா?"

"இதுக்குப் போயி ஏன் மாமா இழுக்கிய? வண்டியை எங்கிட்ட விட்டுருங்க" என்றேன்.

வண்டியை எங்கிட்ட விட்டுருங்க. அந்த மூன்று வார்த்தையைச் சொன்ன வாயில் அத்தை ஒரு அதிரசத்தைத் திணித்திருந்தால் செல்வியின் வாழ்க்கை வேறு மாதிரிப் போயிருக்கும்.

எனக்குக் கார் கிடையாது. காரைப் பற்றிப் பேசுவதில் மட்டும் ஆர்வம் உண்டு. அதற்குக் காரணம் கடையநல்லூர் காதர். என்னோடு படித்தவன். வளைகுடாவில் ஒரு பட்டறையில் வேலை பார்த்துவிட்டு விடுமுறையில் வந்திருந்தான். அந்த வாரம்தான் அவனைப் போய்ப் பார்த்தேன். எல்லாருக்கும் சென்ட் பாட்டில், கைக்கடிகாரம் என்று கொடுத்தவன் எனக்கு ஒரு தகர டின்னைக் கொடுத்தான். அரபியில் என்னமோ எழுதியிருந்தது. உள்ளே பச்சைப் பசேல் என்று ஒரு திரவம்.

"கூலண்ட் மாப்ள. ரேடியேட்டருக்கு ஊத்துறது. நம்மூர்ல வெறுந்தண்ணியை ஊத்தி இஞ்சினைத் துரு ஏத்திக் கொல்லுதானுவ. இதை ஊத்திப் பாரு, வண்டி கொதிக்கவே செய்யாது."

"எப்படி ஊத்தணும்?"

"முதல்ல இஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட விடு, சூட்டுல துரு கழலும். பொறவு பழைய தண்ணியை அடியில திறந்து விட்டுட்டு, நல்ல தண்ணியா விட்டு அலசு. கண்ணாடி மாதிரி வார வரைக்கும் அலசணும். அதுக்குப் பொறவு இதையும் நல்ல தண்ணியையும் பாதிக்குப் பாதி கலந்து ஊத்து. உப்புத் தண்ணி ஒரு சொட்டு உள்ள போவப்பிடாது, ஆமா."

"நீங்க அங்கன அப்படித்தான் செய்வியளா?"

"நாங்க பைப்பைச் சொருகி விட்டுட்டு டீ குடிக்கப் போயிருவோம்."

பாலைவனத்தில் பைப்பைச் சொருகிவிட்டு டீ குடிக்கப் போவார்களாம். அவனுக்குச் சங்கரன்கோவில் தண்ணீர்க் கஷ்டம் மறந்துவிட்டது. எனக்கும் அந்த நேரத்தில் மறந்துபோனதுதான் என் தலையெழுத்து.

அந்தக் காலத்தில் எங்கள் மாமனார் தெருவில் இரண்டு தண்ணீர் உண்டு. ஒன்று கிணற்றுத் தண்ணீர். குளிக்க, துவைக்க, வாசல் தெளிக்க. வாயில் வைத்தால் கரிக்கும். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, காபி போட்டால் பால் திரிந்துவிடும். இன்னொன்று நல்ல தண்ணீர். தெருக்குழாயில் சில நாளைக்கு ஒரு தடவை வரும். வருகிற அன்று தெருவே திருவிழா மாதிரி இருக்கும். குடத்துக்குக் குடம் சண்டை நடக்கும். பிடித்து வைத்ததை அத்தை அடுக்களையில் வரிசையாக மூடி வைத்து, டம்ளர் கணக்கில்தான் தருவார். நான் மருமகன் என்பதால் எனக்குச் செம்பு நிறையக் கிடைக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமைக்காகவே வாரம் முழுக்க மிச்சம் பிடித்து, அண்டா, தவலை, குடம் என்று எல்லாவற்றையும் நிரப்பி வைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்ததும் முதலில் நீட்டுவது செம்புத் தண்ணீர்தானே.

விடிந்ததும் அத்தையும் கோமதியும் செல்வியைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார்கள். அர்ச்சனை செய்துவிட்டு, பூ வாங்கிக்கொண்டு வருவதாகத் திட்டம். மாமா மண்டிக்குப் போய்விட்டு ஒன்பது மணிக்குத் திரும்புவதாகச் சொன்னார். வீட்டில் நானும் காரும்தான்.

ரேடியேட்டர் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தேன். உள்ளே தண்ணீர் செம்மண் குட்டை மாதிரி கிடந்தது. இந்தத் தண்ணீரோடு சம்பந்தி வீட்டாரை ஏற்றி வந்து, நடுவழியில் வண்டி கொதித்து நின்றால் மாமாவின் மானம் என்ன ஆவது என்று ரொம்பப் பொறுப்பாக யோசித்தேன். யோசிக்காமல் இருந்திருக்கலாம். அந்த வண்டி பல வருஷமாக அதே செம்மண் குட்டையோடு தென்காசி, ராஜபாளையம் என்று ஓடிக்கொண்டுதான் இருந்தது.

காதர் சொன்னபடி மூடியைப் போட்டு இஞ்சினை ஓட விட்டேன். நன்றாகச் சூடு ஏறட்டும் என்று ஒரு காபியும் குடித்துவிட்டு வந்தேன். பிறகு மூடியைத் திறந்தேன். சூடான ரேடியேட்டரை எப்படித் திறக்கக்கூடாது என்று காதர் சொல்லவில்லை, அது எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்திருப்பான். ஆவி குப்பென்று முகத்தில் அடித்தது. கண்ணெல்லாம் எரிந்து சிவந்தது, முகம் மாமா மண்டி மிளகாய் வத்தல் நிறத்துக்கு வந்தது. நல்லவேளை, தலையைக் கொஞ்சம் திருப்பியிருந்ததால் கண்பார்வை தப்பியது.

அடியில் ஒரு சின்னத் திருகு இருக்கும், அதைத் திறந்தால் தண்ணீர் வடியும். கட்டியிருந்த சாரத்தை (லுங்கிக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) மடித்துக் கட்டிக்கொண்டு, சூடு ஆறியதும் காருக்கு அடியில் படுத்துத் திருகினேன். வரவில்லை. இன்னும் பலமாகத் திருகினேன். வந்தது. கழுத்தோடு முறிந்து கையில் வந்தது. துருத்தண்ணீர் முழுவதும் என் சாரத்தில் கொட்டி, வாசலில் ஆறாக ஓடியது.

சரி, அலசும்போது எப்படியும் திறந்துதானே இருக்க வேண்டும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டு அடுக்களைக்குப் போய் முதல் குடத்தைத் தூக்கி வந்து மேலே ஊற்றினேன். கீழே டிகாக்‌ஷன் மாதிரி வந்தது. இரண்டாவது குடம், காபி மாதிரி. அடுத்தது டீ மாதிரி. நிறம் வெளுக்க வெளுக்க எனக்கு வெறி ஏறியது. இதோ இன்னும் ஒரு குடம், கண்ணாடி மாதிரி ஆகிவிடும், இன்னும் ஒன்றே ஒன்று என்று போய்க்கொண்டே இருந்தேன். குடம் தீர்ந்தது. தவலையைச் சாய்த்தேன். அண்டாவில் சொம்பை விட்டுக் கோரினேன். ஒரு கட்டத்தில் சொம்பு அண்டாவின் அடியில் டங்கென்று இடித்தது. அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

ஆனால் கீழே தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்துவிட்டது. அவ்வளவு அழகான தண்ணீரைச் சங்கரன்கோவில் சாக்கடை அதற்கு முன் பார்த்திருக்காது.

சந்தோஷத்தில் காதரின் டின்னை எடுத்து மேலே சாய்த்தேன். பாதி ஊற்றிய பிறகுதான் அடியில் ஓட்டை திறந்தே இருப்பது ஞாபகம் வந்தது. பச்சைத் திரவம் கடையநல்லூரில் இருந்து வந்த வேகத்தைவிட வேகமாக வெளியே போய்க்கொண்டிருந்தது. பதறிப்போய்ப் பனியன் துணியைக் கிழித்து, துணி சோப்பை உருட்டி, இரண்டையும் சேர்த்து ஓட்டையில் அடைத்தேன். ஒழுகுவது குறைந்து சொட்டுவதாக ஆனது. டின்னில் பாதி மிச்சம். இனி இதோடு கலக்க நல்ல தண்ணீர் வேண்டும். அப்போதுதான் அடுக்களைக்குள் போய் ஒவ்வொரு பாத்திரமாக மூடியைத் திறந்து திறந்து பார்த்தேன். இப்போது கலக்கத் தண்ணீர் இல்லை, காபி போடத் தண்ணீர் இல்லை, வருகிறவர்கள் வாயில் ஊற்ற ஒரு சொட்டு இல்லை. அந்த நிமிஷம் எங்கேயாவது ஓடிப்போய் மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

எதிர்வீட்டு அக்காவிடம் போய்க் கேட்டேன். "காபி வேணும்னாத் தாரேன் மாப்பிள்ளை, தண்ணி மட்டும் கேக்காதிய. குழாய் வந்து எத்தனை நாளாச்சு" என்று கதவைப் பாதி சாத்தினார். அடுத்த வீட்டில் கதவைத் திறக்கவே இல்லை. கடைசியில் தெருமுனை டீக்கடைக்கு ஓடினேன். கையில் டின், உடம்பில் நனைந்த சாரம், கிழிந்த பனியன், ரத்தச் சிவப்பில் கண்கள். வெறும் காபியோடு குடம் குடமாகச் சுமந்ததில் கால் வேறு தள்ளாடியது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிற அன்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒருவர் முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுவார். பெண் வீட்டுக்கு வர மாட்டார். தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து, யாரோ வழிப்போக்கர் மாதிரி குடும்பத்தைப் பற்றி விசாரிப்பார். அன்றைக்கு வந்திருந்தவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். வெள்ளை வேட்டி, மஞ்சள் பை, பக்கத்தில் ஒரு பித்தளைக் கூஜா. டீ மாஸ்டர் நல்ல மனிதர், எங்கள் குடும்பத்தைப் பற்றி ஆகா ஓகோ என்று அளந்திருக்கிறார். "மூத்த மாப்பிள்ளை மதுரையில ஆபீஸ் உத்தியோகம். வெத்தலை பாக்குக்கூடப் போடமாட்டாரு" என்று அவர் சொல்லி முடிக்கவும் நான் உள்ளே நுழையவும் சரியாக இருந்தது.

"இந்தா, அவரே வாராரு" என்று வேறு சொல்லியிருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் என் கண்ணுக்குக் கூஜா மட்டும்தான் தெரிந்தது.

"அண்ணாச்சி, கூஜாவுல தண்ணி இருக்கா?" என்று பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இருக்கு. குடிக்கவா?"

"இல்ல அண்ணாச்சி, இதுல கலக்க." டின்னை ஆட்டிக் காட்டினேன். "ஃபாரின் சரக்கு. ஃபிரெண்டு ஒருத்தன் கொண்டாந்து குடுத்தான். தண்ணி சேக்காம அப்படியே ஊத்தினா உள்ள வெந்துரும்னான்."

அவர் டின்னைப் பார்த்தார். என் கண்ணைப் பார்த்தார். சாரத்தைப் பார்த்தார்.

"காலங்காத்தாலயேவா?"

"விடிஞ்சதுல இருந்து இதே பாடுதான். வீட்டுல இருந்ததெல்லாம் காலி பண்ணிட்டேன். எவ்வளவு ஊத்தினாலும் நிக்க மாட்டேங்கு. மேல ஊத்த ஊத்தக் கீழ போயிருது."

"அது தெரியுது" என்று என் சாரத்தைப் பார்த்தபடியே கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். "உங்க மாமனாருக்கு இது தெரியுமா?"

"ஐயையோ, அவருக்குத் தெரியப்பிடாது. அவரு மண்டியில இருந்து வாரதுக்குள்ள ஊத்தி மூடிரணும். இன்னைக்கு மச்சினியைப் பொண்ணு பாக்க வேற வாராவ. நான்தான் வண்டி ஓட்டிட்டுப் போயி அவியளைக் கூட்டியாரணும்."

"நீங்களா ஓட்டப் போறிய?"

"ஆமா. இதை ஊத்திட்டாப் போதும். அதுக்குப் பொறவு எவ்வளவு தூரம் வேணும்னாலும் சூடு தெரியாமப் போயிட்டே இருக்கலாம்."

டீ மாஸ்டர் கண்ணாலேயே என்னமோ சாடை காட்டினார். எனக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. அந்தப் பெரியவர் கூஜாவைத் திறந்து முழுவதையும் என் டின்னில் சாய்த்தார். தாகம் என்று வந்தவனுக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்லத் தெரியாத ஊர்க்காரர். குற்றாலத்து அருவி கொட்டுவது மாதிரி எனக்கு மனசு குளிர்ந்தது. அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, பையையும் கூஜாவையும் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வேகமாகப் போனார்.

டின்னில் இருந்ததை ரேடியேட்டரில் ஊற்றினேன். மேலே கொஞ்சம் குறைந்தது, பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். குளித்து, பேண்ட் சட்டை மாட்டிக்கொண்டு, அத்தை வருவதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அடுக்களையை என்ன செய்வது என்று தெரியவில்லை. காலிப் பாத்திரங்களை எல்லாம் பழையபடி மூடி வைத்துவிட்டு வந்தேன். (அதைவிடக் கோழைத்தனமான காரியம் என் வாழ்நாளில் செய்ததில்லை.)

அடைப்பிலிருந்து சொட்டிக்கொண்டே வந்தது. வழியில் வண்டி கொதித்து நின்றது. இப்போது பாருங்கள், புளியங்குடி தாண்டியதும் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் வாய்க்கால். வயலெல்லாம் தண்ணீர் தளதளவென்று நிற்கிறது. எருமைகள் நல்ல தண்ணீரில் முங்கிக் கிடக்கின்றன. ஒரு மதகில் யாருக்குமே வேண்டாதது மாதிரி தண்ணீர் வழிந்து வீணாகப் போகிறது. எனக்கு வாய்விட்டு அழுகை வந்தது. வண்டி ஆறுவதற்காக அங்கேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு டின்னில் மொண்டு ஊற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

வாசுதேவநல்லூரில் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, தலையைச் சீவிக்கொண்டு உள்ளே போனேன். பட்டு உடுத்திப் பத்துப் பேர் தயாராக நிற்பார்கள் என்று எதிர்பார்த்தேன். எல்லோரும் சாதாரண உடையில் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டியிருந்தார். அவருக்குப் பக்கத்து நாற்காலியில், மடியில் பித்தளைக் கூஜாவோடு, டீக்கடைப் பெரியவர்.

"மச்சான், நான் சொன்னேன்லா, இவருதான்" என்றார்.

மாப்பிள்ளையின் அப்பா மரியாதையானவர். "உக்காருங்க தம்பி. வெயில்ல வந்திருக்கிய, மோர் குடிக்கியளா?" என்றார்.

"பாத்துக் குடுங்க மச்சான், காலையிலேயே கலந்து குடிச்சிருக்காரு" என்றார் தாய்மாமன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டீக்கடையில் நான் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் திரும்ப வந்து கன்னத்தில் அறைந்தது. ஃபாரின் சரக்கு. வீட்டில் இருந்ததெல்லாம் காலி. மாமாவுக்குத் தெரியக்கூடாது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் நாக்கு இருந்ததால் மேற்கொண்டு பேசினேன்.

"ஐயா, நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. நான் குடிக்கலை. கார்தான் குடிச்சுது."

உள்ளே அடுக்களைப் பக்கம் யாரோ பெண்கள் சிரித்தார்கள்.

"கார் குடிச்சுதாமே மச்சான்."

"சத்தியமாச் சொல்லுதேன். டின் வண்டியிலதான் இருக்கு, மோந்து பாருங்க." ஓடிப்போய் டின்னை எடுத்து வந்து நீட்டினேன். தாய்மாமன் மோந்து பார்த்தார்.

"இனிப்பு வாடையா இருக்கு" என்றார். "ஒசத்திச் சரக்குன்னா இப்படித்தான் இருக்கும்."

மாப்பிள்ளை ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தார். போட்டோவில் இருந்ததைவிட நன்றாகவே இருந்தார். என்னைப் பாவமாகப் பார்த்தார். அவருடைய அப்பா கட்டுப் போட்ட காலை மெதுவாக இறக்கி வைத்துக்கொண்டு சொன்னார்: "இன்னைக்கு நாள் சரியில்ல தம்பி. உங்க மாமாகிட்ட நாங்க பொறவு சொல்லி அனுப்புதோம்னு சொல்லுங்க. வண்டியைப் பாத்து ஓட்டிட்டுப் போங்க."

காலி வண்டியோடு திரும்பினேன். அந்த வழி முழுக்க எந்தப் பக்கத்திலாவது வாய்க்காலில் இறக்கிவிடலாமா என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டு வாசலில் கோலம் போட்டிருந்தார்கள். செல்வி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள், கத்தரிப்பூ நிறப் பட்டு, தலை நிறையப் பூ. அத்தை அடுக்களையில் உப்புத் தண்ணீரில் போட்ட காபி திரிந்து திரிந்து போக, ஒவ்வொரு சட்டியாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். கோமதி என்னைப் பார்த்த பார்வையில் பாத்திரங்களைத் திறந்துவிட்டார்கள் என்று தெரிந்தது. ஆனால் செல்வி காரைத்தான் பார்த்தாள்.

"அத்தான், அவிய பின்னால வாராவளா?"

நான் குனிந்து செருப்பைக் கழற்றினேன். அவள் தெருவை எட்டிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவு சாத்திய சத்தத்துக்கு முன்னால் அண்டா சத்தமெல்லாம் ஒன்றுமே இல்லை. எனக்கு அன்றைக்கு மனசு விட்டுப் போயிற்று.

மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றும் திட்டவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாவியைக் குடுங்க மாப்ளே. டிரைவர் நாளைக்கு வந்துருவான்" என்றார். அதற்குப் பதில் நாலு அறை அறைந்திருக்கலாம்.

மறுநாளே மாமா வாசுதேவநல்லூருக்கு நேரில் போனார். டிரைவரை வைத்துக் கூலண்ட் என்றால் என்ன என்று விளக்கச் சொன்னார். முறிந்த திருகையும் கையோடு எடுத்துப் போயிருந்தார். அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள், நம்பவும் செய்தார்கள். நம்பியதுதான் வினையாகப் போயிற்று. தாய்மாமன் சொன்னாராம்: "குடிகாரன்னாக்கூடப் பரவாயில்ல அண்ணாச்சி, திருத்திரலாம். தண்ணிப் பஞ்சத்துல, பொண்ணு பாக்க வார அன்னைக்கு, வீட்டுல குடிக்க வச்சிருந்த தண்ணி பூராவையும் காருக்கு ஊத்தின மனுசன்னா என்னத்தைச் செய்ய? பாத்துப் பாத்து அந்த ஆளுக்கு மூத்த பொண்ணைக் குடுத்திருக்கிய. உங்க யோசனையை நம்பி நாங்க எப்படிப் பொண்ணு எடுக்க?"

அந்த இடம் அதோடு தட்டிப்போயிற்று.

செல்விக்கு அடுத்த வருஷம் கோவில்பட்டியில் அமைந்தது. நல்ல மனிதர், நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று கோமதி என் கையில் புளியோதரைப் பொட்டலத்தைக் கொடுத்துக் காலையிலேயே திருச்செந்தூருக்கு பஸ் ஏற்றிவிட்டாள். அன்றிலிருந்து அதுவே எங்கள் குடும்பத்தில் சட்டமாகிவிட்டது. சொந்தத்தில் எந்தப் பெண்ணைப் பார்க்க யார் வந்தாலும் என்னை ஊரைவிட்டு அனுப்பிவிடுவார்கள். அந்த வகையில் நான் பார்க்காத கோயில் தென்பாண்டி நாட்டில் இல்லை.

கடைசியில் என் மகளுக்கே அந்த நாள் வந்தது. நான் பெற்ற பெண், இந்தத் தடவையாவது இருக்க விடுவார்கள் என்று நினைத்து, புதுச் சட்டை எல்லாம் தைத்து வைத்திருந்தேன். கோமதி பொட்டலத்தை நீட்டினாள். மதுரையில் இருந்த கோயிலையெல்லாம் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டதால் பேசாமல் பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்தேன். அங்கே போகிற பஸ், வருகிற பஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, வீட்டில் என்ன நடக்கிறதோ, பெண் பிடித்ததோ, காபி சரியாக வந்ததோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அன்றைக்கு அந்த பஸ் ஸ்டாண்டில்தான் மாமா அந்த ஞாயிற்றுக்கிழமை எப்படி இருந்திருப்பார் என்று எனக்குப் புரிந்தது.

சாயங்காலம் செல்வியே ஆட்டோ பிடித்து என்னைத் தேடி வந்தாள். உதவிக்காகக் கோவில்பட்டியிலிருந்து வந்திருந்தாள்.

"முடிஞ்சிட்டு அத்தான். அவியளுக்கு ரொம்பப் பிடிச்சிட்டு. வாங்க வீட்டுக்கு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "பொண்ணோட அப்பா எங்கன்னு கேக்கலையா?"

"கேட்டாவ. வெளியூர் போயிருக்காருன்னு சொன்னேன். எப்படிப்பட்டவருன்னாவ. எங்க அத்தான் தண்ணி பக்கமே போவமாட்டாருன்னு சொன்னேன். அதுலதான் அந்த அம்மாவுக்கு மனசு நெறைஞ்சிட்டு."

"ஏன் செல்வி, நல்ல நாளும் அதுவுமா இப்படியா பொய் சொல்லுவே?"

"இதுல என்ன பொய் இருக்கு அத்தான்? அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும், எங்க வீட்டுல உங்களை எவ தண்ணி பக்கம் விட்டிருக்கா?"